பொதுத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தும் நாளை எப்படி முடிவு செய்வது?

குடியிருப்புச் சங்கத்தின் காலி மனையிலோ, பள்ளி வளாகத்தின் ஓரத்திலோ, மகளிர் குழு குத்தகைக்கு எடுத்த சில சென்ட் நிலத்திலோ பலர் சேர்ந்து இயற்கை முறையில் காய்கறி வளர்க்கும்போது, மண்ணை எப்போது கொத்துவது என்ற முடிவு பெரும்பாலும் மண்ணைப் பார்த்து எடுக்கப்படுவதில்லை. எல்லோருக்கும் விடுமுறை கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தே எடுக்கப்படுகிறது. முந்தைய இரவு நல்ல மழை பெய்திருந்தாலும், ஆட்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காக மண்வெட்டிகள் இறங்கிவிடுகின்றன. களிமண் பாத்தியில் அந்த ஒரு காலைப் பொழுதில் ஏற்படும் இறுக்கம் அந்தப் பட்டம் (பயிர்ப் பருவம்) முழுவதும் வேரை வாட்டக்கூடியது. தனி ஒருவர் தம் நிலத்தில் இப்படிச் செய்தால் நட்டம் அவரோடு போகும். பொதுத் தோட்டத்திலோ ஒரு பாத்தியில் கிளறிய மண் மழைநீரோடு பக்கத்துப் பாத்திக்கு ஓடுகிறது, ஒருவர் துண்டாக்கிய கோரைக்கிழங்கு மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் பாத்திக்குப் போய்ச் சேருகிறது, வாடகைக்கு வந்த பவர் டில்லர் யாருடைய வரப்பையும் மதிப்பதில்லை.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டுச் சமவெளியில் தரையில் அமைந்த தோட்டங்களுக்கு உரியது. மாடித் தோட்டத் தொட்டிகளுக்கும், நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைச்சரிவுகளுக்கும் கணக்கு வேறு. கொத்தாமல் இருப்பதே பொதுத் தோட்டத்தின் வழக்கமாக இருக்க வேண்டும் என்பதும், கொத்த விரும்புபவரே அதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்பதும், காரணம் சரியாக இருந்தாலும் நாளைக் குறிப்பது மண்ணின் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதும் இங்கே நான் முன்வைக்கும் நிலைப்பாடு.

கொத்தினால் மண்ணுக்குள் என்ன நடக்கிறது

இரசாயன உரம் இடாத தோட்டத்தில் செடிக்கு உணவு சமைப்பவை மண்ணுயிர்களே. மட்கைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள், வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சைகள், மண்புழுக்கள் ஆகியவை சேர்ந்துதான் மண்ணைச் சிறு சிறு பொலபொலப்பான கட்டிகளாகப் பிணைத்து வைக்கின்றன. அந்தக் கட்டிகளுக்கு இடையிலுள்ள இடைவெளிகளில்தான் காற்றும் நீரும் தங்குகின்றன. மண்வெட்டி இறங்கும்போது பூஞ்சை இழைகள் அறுபடுகின்றன, புழுக்களின் வழித்தடங்கள் மூடிக்கொள்கின்றன, உள்ளே பதுங்கியிருந்த மட்கு காற்றுப்பட்டு விரைவாகச் சிதைகிறது. கொத்திய பாத்தியில் முதல் சில வாரங்கள் செடி பசுமையாகத் துள்ளி வளர்வதற்குக் காரணம் இந்த விரைவான சிதைவில் வெளிப்படும் தழைச்சத்துதான் (நைட்ரஜன்). பலர் இதைக் கண்டு கொத்துவது நல்லது என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். நம் வெப்பத்தில் மட்கு ஏற்கெனவே வேகமாகக் கரைகிறது, அதை மேலும் விரைவுபடுத்துவது சேமிப்பை எடுத்துச் செலவழிப்பதுதான்.

களை விஷயத்திலும் இதே கதை. மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் களை விதைகளில் பல, வெளிச்சம் பட்டால் விழித்துக்கொள்ளும் தன்மையுடையவை. களையை ஒழிப்பதற்காக ஆழக் கொத்தினால், இன்றைய களை போய் அடுத்த தலைமுறைக் களை மேலே வருகிறது. ஓராண்டுக் களைகளான சாரணைக்கும், குப்பைமேனிக்கும், பூப்பதற்கு முந்தைய பார்த்தீனியத்துக்கும் வேரோடு பிடுங்குவதோ, களைக்கொத்தியால் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டுவதோ போதுமானது. பார்த்தீனியத்தைப் பிடுங்கும்போது கையுறை அணிவது நல்லது.

எவையெல்லாம் காரணம், எவை காரணம் இல்லை

முதன்முதலாகத் தோட்டமாக்கும் நிலத்தைக் கொத்தியே ஆக வேண்டும். பொதுத் தோட்டங்களுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் வண்டிகள் நின்ற மனை, கட்டடம் கட்டியபோது செங்கல்லும் சிமெண்டும் கொட்டிய மூலை, அல்லது பிள்ளைகள் ஓடி விளையாடி இறுகிய திடல். இத்தகைய நிலத்தில் மேலே உரத்தைப் பரப்பி, மண்ணைச் சருகால் மூடும் மூடாக்கு இட்டுப் புழுக்கள் வரட்டும் என்று காத்திருக்கும் அளவுக்குப் பொறுமை எந்தக் குழுவுக்கும் இருப்பதில்லை, இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயம் இல்லை. ஒரே ஒரு முறை, ஓரடி முதல் ஒன்றரை அடி ஆழம் வரை கொத்தி, இடிபாடுகளைப் பொறுக்கி எடுத்து, நன்கு மட்கிய தொழுவுரத்தைக் கலந்து, நான்கடிக்கு மிகாத அகலத்தில் மேட்டுப்பாத்திகளாக அமைத்துவிட வேண்டும். நான்கடி என்பது இருபுறமிருந்தும் கை எட்டும் அளவு. அதன் பிறகு பாத்தியின் மேல் யாரும் கால் வைக்கக் கூடாது. கால் படாத பாத்தி பல ஆண்டுகள் இறுகாமல் இருக்கும் என்பதால், இந்த ஒரு விதியைக் குழு கடைப்பிடித்தாலே கொத்த வேண்டிய தேவையில் பெரும்பகுதி தானாக மறைந்துவிடும்.

பழைய பாத்தி இறுகியிருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஏனெனில் செம்மண்ணில் மழைக்குப் பின் மேலே உருவாகும் மெல்லிய ஓடு கல்லைப் போலத் தோன்றினாலும், அதற்குக் கீழே மண் இலகுவாக இருக்கக்கூடும். மண் ஈரமாக இருக்கும் நாளில், பென்சில் தடிமனுள்ள இரும்புக் கம்பியை ஒரு கையால் சீராக அழுத்தி இறக்கிப் பார்க்க வேண்டும். ஓரடி வரை இறங்கினால் அந்தப் பாத்திக்குக் கொத்து தேவையில்லை. பாத்தியில் பல இடங்களில் அரையடிக்குள்ளேயே ஒரே ஆழத்தில் தடைபட்டு நின்றால், அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது என்று பொருள். காய்ந்த மண்ணில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, நல்ல மண்ணும் அப்போது கம்பியைத் தடுக்கும்.

ஐயம் இருந்தால் நீரை விட்டுப் பார்க்கலாம். இரு பக்கமும் திறந்த, ஆறங்குல விட்டமுள்ள தகர டப்பா ஒன்றை இரண்டு அங்குலம் மண்ணில் பதித்து, ஏறக்குறைய 450 மில்லி நீரை ஊற்றினால் அது ஓர் அங்குல மழைக்குச் சமம். முதல் முறை ஊற்றுவது மண்ணை நனைப்பதற்கு மட்டுமே. அது வடிந்த பின் இரண்டாவது முறை ஊற்றி, அது உள்ளே போக எடுக்கும் நேரத்தைக் கணக்கிட வேண்டும். செம்மண்ணிலோ மணற்பாங்கான மண்ணிலோ ஒரு மணி நேரத்துக்கு மேலாகியும் நீர் நின்றால் கவனிக்க வேண்டிய இறுக்கம் இருக்கிறது. கரிசலும் களியும் இயல்பாகவே மெதுவாகக் குடிப்பவை என்பதால், அங்கே இந்த எண்ணை அப்படியே பொருத்தாமல், அதே தோட்டத்தில் நன்றாக விளையும் பாத்தியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி.

உரத்துக்காகவே வளர்க்கும் பசுந்தாள் பயிரை மண்ணோடு மடக்குவது இன்னொரு காரணம். சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றையும், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் பரவலாக்கிய பல தானிய விதைப்பையும் நாற்பத்தைந்து முதல் ஐம்பது நாளில், பூக்கும் தறுவாயில் மடக்குவது வழக்கம். அதற்கு மேல் விட்டால் தண்டு நாராகி மட்குவதற்கு நாளாகும். சிறிய பாத்திகளில் இதற்கும் ஆழக் கொத்தத் தேவையில்லை. அடியோடு அறுத்துத் துண்டாக்கி மேல் மூன்று அங்குல மண்ணோடு புரட்டினால் போதும், அல்லது அறுத்த தழையை அப்படியே மூடாக்காகப் போட்டுவிடலாம். மண்ணுக்குள் புரட்டினால் நாற்று நடப் பத்து முதல் பதினைந்து நாள் பொறுக்க வேண்டும் என்பதைக் குழுவில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். பொறுக்காமல் நட்டவர்களே பின்னர் பசுந்தாள் உரத்தைக் குறை சொல்கிறார்கள்.

பூச்சியும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவும் சில சமயம் கொத்தச் சொல்லும். பாகல், புடலை, பீர்க்கு ஆகியவற்றைத் தாக்கும் பழ ஈயின் கூட்டுப்புழுக்கள் கொடியின் கீழே மேல் மண்ணில் இருப்பதால், அறுவடை முடிந்ததும் இரண்டு மூன்று அங்குலம் கிளறி வெயிலுக்கும் பறவைகளுக்கும் காட்டுவது பயனுள்ளது. தக்காளி, கத்தரி, வெண்டைச் செடிகளைப் பிடுங்கும்போது வேரில் முடிச்சுகள் காணப்பட்டால் அது வேர்முடிச்சு நூற்புழு. அந்தப் பாத்தியைச் சித்திரை வெயிலில் பத்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை புரட்டிக் காயவிடுவது பழைய, நம்பத்தக்க முறை. அதன்பின் நன்றாக நீர் பாய்ச்சி, நிறமற்ற மெல்லிய பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து நான்கு முதல் ஆறு வாரம் விட்டால் வெப்பம் இன்னும் ஆழமாக இறங்கும். நன்மை செய்யும் உயிர்களும் இதில் குறையும் என்பதால், விரிப்பை எடுத்த பின் மட்கிய எருவோ மண்புழு உரமோ இட்டு அவற்றை மீண்டும் குடியேற்ற வேண்டும். இந்த வேலை நோய் கண்ட பாத்திக்கு மட்டுமே உரியது. பக்கத்தில் நலமாக இருக்கும் பாத்திகளையும் சேர்த்துப் புரட்டினால், வேலை முடியும் முன்பே நூற்புழு அங்கும் போய்ச் சேர்ந்துவிடும். மண்வெட்டியைக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த பாத்தியில் இறக்க வேண்டும்.

காரணமாகச் சொல்லப்பட்டாலும் காரணம் ஆகாதவை சில உண்டு. எருவைக் கலக்க வேண்டும் என்பது அவற்றில் முதன்மையானது. காய்கறிக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழுவுரம் என்ற பரிந்துரையைச் சிறு பாத்திக்குக் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ வரும். இதை மேலே பரப்பி மூடாக்கு இட்டால் புழுக்களே உள்ளே இழுத்துக்கொள்ளும். காய்ந்த சருகு, மரத்தூள் போன்றவற்றை மண்ணுக்குள் புதைப்பது தீங்கானதும்கூட. அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் செடிகள் வாரக்கணக்கில் மஞ்சளாக நிற்கும். அதே சருகை மேலே போட்டால் இந்தச் சிக்கல் பெரிதாக எழுவதில்லை.

பாத்தி கைமாறும்போது புதிதாக வந்தவர் முதல் வேலையாக அதை முழுவதும் கொத்துவதும் எங்கும் காணப்படும் வழக்கம். அது மண்ணின் தேவை இல்லை, இடம் தம்முடையதாகிவிட்டது என்ற உணர்வின் வெளிப்பாடு. அந்த ஆர்வத்தைக் குறை சொல்வதை விட, பாத்தியின் ஓரக் கட்டையைச் சீரமைப்பது, மட்குக் குழியைப் புரட்டுவது போன்ற வேறு உடலுழைப்பை அவருக்குக் கொடுத்துவிடுவது நல்லது.

பதம் பார்ப்பது

காரணம் இருக்கிறது என்று உறுதியான பிறகே பதம், அதாவது கொத்துவதற்கு ஏற்ற ஈரம், பார்க்க வேண்டும். மேல் மண்ணை ஒதுக்கிவிட்டு, எவ்வளவு ஆழம் கொத்தப் போகிறோமோ அந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுக்க வேண்டும். மேலே காய்ந்திருக்கும் மண் ஆறங்குலத்துக்குக் கீழே சேறாக இருப்பது மிகச் சாதாரணம், பலரும் ஏமாறுவதும் இங்கேதான். எடுத்த மண்ணை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். புட்டுக்குப் பிசறிய மாவின் பதம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. விரலால் அழுத்தும்போது உதிராமல் வெறுமனே பள்ளம் விழுந்தால், அல்லது உருட்டினால் கயிறாகத் திரிந்தால், ஈரம் அதிகம். கை முழுவதும் பூசிக்கொண்டு பளபளத்தால் அன்று பாத்தியின் பக்கமே போகக் கூடாது. உருண்டையே பிடிபடாமல் தூளாகக் கொட்டினாலும், கட்டியாக இருந்து உடைக்கவே முடியாமல் போனாலும் ஈரம் போதாது.

ஈரமான மண்ணைக் கொத்துவது காய்ந்த மண்ணைக் கொத்துவதை விடத் தீங்கானது. காய்ந்த மண்ணைக் கொத்தினால் தூசி பறக்கும், கட்டி உடைவதற்கு உழைப்பு அதிகமாகும், கட்டமைப்பு ஓரளவு நொறுங்கும். ஈரத்தில் கொத்தினால் மண்வெட்டியின் தகடு களிமண்ணை மெழுகிவிடுகிறது. மெழுகிய பரப்பு காய்ந்ததும் சுட்ட ஓடு போலாகி, நீரையும் வேரையும் உள்ளே விடாது. நின்று கொத்துபவர்களின் எடையும் அந்த நேரத்தில் அடிமண்ணை அழுத்துகிறது. எனவே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், வேலையைத் தள்ளிப் போட்டு மண்ணைக் காயவிடுவதே மேல்.

மண்ணுக்கு மண் இந்த நாள் மாறும். கடலோர மணற்பாங்கான இடங்களில் நல்ல மழைக்கு மறுநாளே பதம் வந்துவிடும், அங்கே கொத்த வேண்டிய தேவையும் குறைவு. செம்மண்ணில் இரண்டு முதல் நான்கு நாள் ஆகும், பிறகு சில நாள் பதம் நிற்கும். கரிசலில்தான் கணக்கு கடினமாகிறது. ஈரத்தில் காலோடு வரும், காய்ந்தால் கடப்பாறைக்கும் அசையாது, இரண்டுக்கும் நடுவே பதம் நிற்கும் நாட்கள் மிகச் சில. வெயில் காட்டமாக இருந்தால் அது ஓரிரு நாளோடு முடிந்துவிடும். ஆனால் கரிசலுக்கு ஒரு சிறப்பு உண்டு. கோடையில் தானாகவே ஆழமாக வெடித்து, மேல்மண் தானாகவே பொலபொலத்து, அந்த வெடிப்புகளில் விழுந்து மண் தன்னைத் தானே புரட்டிக்கொள்கிறது. கரிசலில் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆழக் கொத்துவதில் அவசரப்படத் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். கோயம்புத்தூர்ப் பகுதியில் கரிசலும் செம்மண்ணும் அருகருகே இருப்பதால், பக்கத்துத் தெருத் தோட்டத்தில் கொத்திவிட்டார்கள் என்பது நம் தோட்டத்துக்கு ஒரு சான்றாகாது.

ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல்

பதம் புதன்கிழமை வருகிறது, ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். பொதுத் தோட்டத்தின் உழவுச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன, எந்த வழி என்பது பருவத்தைப் பொறுத்தது.

மழையில்லாத மாதங்களில் பதத்தை நாமே உண்டாக்கலாம். காய்ந்த மண்ணை ஆறங்குலம் வரை நனைக்கச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 லிட்டர் நீர் தேவைப்படும். நான்கடி அகலமும் பத்தடி நீளமும் கொண்ட பாத்திக்கு இது 90 லிட்டர், அதாவது பத்து லிட்டர் வாளியில் ஒன்பது வாளி. களிப்பாங்கான மண்ணுக்கு இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஒரே மூச்சில் ஊற்றாமல் பூவாளியால் இரண்டு மூன்று தவணையாக நனைத்தால் நீர் வழிந்து ஓடாது. மணலுக்குச் சனிக்கிழமை மாலையும், செம்மண்ணுக்கு வெள்ளிக்கிழமையும், களிக்கும் கரிசலுக்குச் செவ்வாய் அல்லது புதன்கிழமையும் நீர் விட்டால் ஞாயிறு காலையில் பதம் கிடைக்க வாய்ப்புண்டு. முதல் இரண்டு முறை இந்த நாள் கணக்கு ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகப் போகலாம், அதைக் குறித்து வைத்தால் அந்தத் தோட்டத்துக்கான சொந்தக் கணக்கு கிடைத்துவிடும்.

மழை மாதங்களில் இது நடக்காது. ஈரத்தைச் சேர்க்க முடியுமே தவிர வெளியேற்ற முடியாது. அப்போது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைக் கலைக்கத் தேவையில்லை, அவர்களுக்கு வேறு வேலை இருக்க வேண்டும். வடிகால் வாய்க்காலைத் தூர்வாருவது, பந்தல் கட்டுவது, மூடாக்குக்குச் சருகு சேர்ப்பது, நாற்றங்கால் பார்ப்பது ஆகியவற்றின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், மண்வெட்டி சும்மா இருப்பது யாருக்கும் உறுத்தாது. மழைக்காலத்தில் தவிர்க்க முடியாத கொத்து ஏதேனும் இருந்தால், வார நாளில் வரக்கூடிய இரண்டு மூன்று பேர் அந்த ஒரு பாத்தியை மட்டும் முடித்துக்கொள்ளட்டும்.

மாதக் கணக்கு

‘கோடை உழவு கோடி நன்மை’ என்ற பழமொழியைப் பொதுத் தோட்டங்களில் யாராவது ஒருவர் கட்டாயம் எடுத்துச் சொல்வார். அந்தப் பழமொழி பொய்யில்லை, ஆனால் அது எந்த நிலத்தைப் பற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடக்கும் மானாவாரி நிலத்தில், கோடை மழை பெய்ததும் உழுதால் அடுத்து வரும் மழை ஓடாமல் உள்ளே இறங்கும், களைக்கிழங்குகளும் கூட்டுப்புழுக்களும் வெயிலில் காயும். ஆண்டு முழுவதும் நீர் பாயும், மூடாக்கு இட்ட, புழு நடமாட்டம் உள்ள தோட்டப் பாத்திக்கு அந்த நன்மைகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருக்கின்றன. அதைச் சித்திரை வெயிலில் திறந்து போட்டால் மட்குதான் எரியும். கோரையோ அருகம்புல்லோ நூற்புழுவோ பிடித்த பாத்திக்குக் கோடைக் கொத்து, மற்றவற்றுக்கு மூடாக்கு என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

ஆடிப்பட்டத்துக்குக் கொத்த வேண்டியிருந்தால் ஆனி இறுதிக்குள் முடித்துவிட வேண்டும். விதைக்கும் நாளில் கொத்துவது, கிளறிய மண் படிவதற்கு நேரமில்லாமல் விதை ஆழத்தில் விழக் காரணமாகும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையே தருவதால், புரட்டாசி நடுப்பகுதிதான் மேட்டுப்பாத்திகளை உயர்த்துவதற்கும் வடிகால் எடுப்பதற்கும் கடைசி வாய்ப்பு. ஐப்பசி, கார்த்திகையில் தவிர்க்கவே முடியாத நிலை தவிரக் கொத்தக் கூடாது என்பதைக் குழுவின் எழுத்து விதியாகவே வைத்துக்கொள்ளலாம். மண்புழுக்கள் மேல்மண்ணில் மிகுதியாக நடமாடுவதும் அந்த மாதங்களில்தான். ஓரடி நீள, அகல, ஆழத்துக்குச் சதுரமாக மண்ணை எடுத்துப் பார்த்துப் பத்துப் புழுக்களுக்கு மேல் இருந்தால் அந்தப் பாத்தியை இயற்கையே உழுதுகொண்டிருக்கிறது. கோடையில் இந்த எண்ணிக்கையை எடுக்க வேண்டாம், அப்போது அவை ஆழத்துக்குப் போய்விடும். மழை விலகிய பின் மார்கழி இறுதியில் களிமண் மெல்லக் காய்ந்து பதத்துக்கு வரும். தைப்பட்டத்துக்கு முன் கொத்த வேண்டியவர்கள் அந்த நாட்களைத் தவற விடக் கூடாது. தென்மேற்குப் பருவமழையும் கணிசமாகப் பெய்யும் கன்னியாகுமரி போன்ற பகுதிகளில் இந்தக் கணக்கை அங்குள்ள மழைக்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

சேனை, மரவள்ளி, மஞ்சள், சர்க்கரைவள்ளி, நிலக்கடலை ஆகியவற்றை அறுவடை செய்யும்போது மண் தானாகவே புரள்கிறது. எந்தப் பாத்தி இறுகத் தொடங்குகிறதோ அங்கே அடுத்த சுற்றில் இவற்றில் ஒன்றைப் போட்டால், தனியாகக் கொத்தும் வேலை மிச்சம்.

கோரையும் அருகும்

கோரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பொதுத் தோட்டங்களில் உறவு கெடுவதற்கு அது ஒன்றே போதும். அதன் கிழங்குகளில் பெரும்பாலானவை மேல் அரையடி மண்ணில் சங்கிலி போலக் கோத்துக் கிடக்கின்றன. ஈரமான மண்ணில் கொத்தினால் சங்கிலி அறுபட்டு ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும், ஒரு பாத்தியின் கோரை ஒரே பட்டத்தில் தோட்டம் முழுவதும் பரவிவிடும். பங்குனி, சித்திரையில் நீர் நிறுத்திய பாத்தியில் புரட்டி, கிழங்குகளை வெயிலில் உலர விட்டு, கையால் பொறுக்கி எடுத்தால் கணிசமாகக் குறையும். பொறுக்கியதை மட்குக் குழியில் போடக் கூடாது, பாறையின் மேலோ தகரத்தின் மேலோ சுருங்கிக் கறுக்கும் வரை காயவைக்க வேண்டும். அருகுக்கும் இதுவே வழி. ஒரு கோடையில் முடிந்துவிடும் என்று நம்ப வேண்டாம், அடுத்த கோடைக்கும் அந்தப் பாத்தியைப் பட்டியலில் வைத்திருக்க வேண்டியிருக்கும்.

கருவி

இறுக்கத்தை உடைக்க மண்ணைப் புரட்டத் தேவையில்லை, தளர்த்தினால் போதும். கடப்பாறையையோ நான்கு பல் உள்ள கார்டன் ஃபோர்க்கையோ ஆழமாக இறக்கி, பின்னோக்கிச் சற்றே நெம்பி எடுத்து, அரையடி தள்ளி மீண்டும் இறக்கினால் அடுக்குகள் இடம் மாறாமல் மண் இளகும். புரட்டிய மண்ணில் இறந்துபோகும் பூஞ்சையும் புழுவும் இதில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. பவர் டில்லரும் பவர் வீடரும் புதிய நிலத்தை முதன்முதல் திறக்கும்போது மட்டும் பொருத்தமானவை. அவற்றின் சுழலும் கத்திகள் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் மண்ணைத் துவைத்து, அதற்குக் கீழே கடினமான அடுக்கை உருவாக்குகின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுப்பதால், வந்ததுதான் வந்தது எல்லாப் பாத்தியையும் ஓட்டிவிடலாம் என்ற எண்ணமும் எழும். முருங்கை, கறிவேப்பிலை, வாழை நிற்கும் இடங்களில் கிளைப் பரப்பின் நிழலுக்குள் எந்தக் கருவியும் இறங்கக் கூடாது. இயந்திரம் வெளித் தோட்டத்திலிருந்து வந்தால், கத்திகளில் சுற்றியிருக்கும் வேரையும் ஒட்டியிருக்கும் மண்ணையும் வாசலிலேயே கழுவச் சொல்ல வேண்டும்.

யார் சொல்ல வேண்டும்

கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுக்கும் விஷயம் இது இல்லை. வார நாட்களில் தோட்டத்துக்கு வந்து போகும் இருவரை, மண்ணைத் தொட்டுப் பழகியவர்களாகப் பார்த்து, பதம் பார்க்கும் பொறுப்பில் அமர்த்த வேண்டும். ஊரில் விவசாயம் செய்த தாத்தாவோ பாட்டியோ பெரும்பாலான குடியிருப்புகளில் இருக்கிறார்கள், இந்தப் பொறுப்புக்கு அவர்களை விடத் தகுதியானவர்கள் கிடைப்பது அரிது. கொத்த விரும்புபவர் பாத்தி எண், காரணம், ஆழம் மூன்றையும் பொது நோட்டில் எழுத, பொறுப்பாளர்கள் கம்பியை இறக்கியும் மண்ணைப் பிடித்தும் பார்த்துச் சரி அல்லது இப்போது வேண்டாம் என்று குறிக்க வேண்டும். பதம் வந்த அன்று, உதிர்ந்த உருண்டையின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் வாக்குவாதம் குறையும். ஈரம் அதிகம் என்று அவர்கள் சொன்னால் அதற்கு மேல் முறையீடு இருக்கக் கூடாது. அதே சமயம், கொத்தவே கூடாது என்ற கொள்கையோடு ஒரு பாத்தியை நடத்துபவரின் பாத்தியைப் பொது வேலை நாளில் யாரும் தொடாதபடி கொடியோ கல்லோ வைத்து அடையாளப்படுத்த வேண்டும். பாத்தி கைமாறும்போது அதன் நோட்டுப் பக்கமும் கைமாற வேண்டும்.

கொத்திய பிறகு

கொத்திய மண்ணை அன்று மாலைக்குள் மூட வேண்டும், நோய்க்காகவோ கோரைக்காகவோ காயப் போட்டது மட்டுமே விதிவிலக்கு. வைக்கோல், கரும்புச் சோகை, காய்ந்த இலை எதுவானாலும் இரண்டு மூன்று அங்குலம் போதும், செடி வந்த பிறகு தண்டைத் தொடாதபடி விலக்கி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் நத்தையும், கோடையில் கரையானும் மூடாக்குக்குள் சேரக்கூடும் என்பதால், அடர்த்தியைப் பருவத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். கீரை, கேரட் போன்ற சிறு விதைகளுக்கு மட்டும் மேல் ஓர் அங்குலத்தைப் பொடியாக்கினால் போதும். பாத்தி முழுவதையும் மாவாக்கினால் முதல் மழையிலேயே ஓடு கட்டிக்கொள்ளும்.

கொத்திய மறுநாள் எதிர்பாராத மழை பெய்துவிட்டால் பாத்திக்குள் இறங்கக் கூடாது. மேலே ஓடு கட்டினால் பதம் வந்ததும் களைக்கொத்தியால் மெதுவாகக் கீறிவிட வேண்டும். அந்த மழையில் முளைக்கும் களையை ஒரு வாய்ப்பாகவே கொள்ளலாம். பத்து நாள் முளைக்க விட்டு, வேர் ஊன்றும் முன் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்துவிட்டு விதைத்தால் பயிர்க் காலத்தில் களையெடுப்பு குறையும், ஆனால் சுரண்டும்போது ஆழமாகப் போனால் அடுத்த தொகுதி விதைகள் மேலே வந்துவிடும்.

நோட்டில் கொத்திய தேதி, கடைசி மழையோ பாசனமோ நடந்து எத்தனை நாள், எவ்வளவு ஆழம், கம்பி எத்தனை அங்குலம் இறங்கியது என்பவற்றை எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே பாத்தியில், ஈரமான நாளொன்றில் கம்பியை மீண்டும் இறக்கிப் பார்த்து, அது ஓரடி வரை தடையின்றிப் போனால் அந்தப் பாத்தியின் எண்ணைக் கொத்தும் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். மீண்டும் அதே ஆழத்தில் நின்றால், கொத்துவதற்கு முன் அந்தப் பாத்தியின் மேல் யார் நடக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும்.